மேலாண்மைக்குத் தொழில்நெறி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேலாண்மையை அறிவியலாகக் கற்பிப்பதா, மருத்துவம், சட்டம் போன்ற நெறிசார் தொழிலாகக் கற்பிப்பதா என்னும் விவாதத்தில் நான் இரண்டாவதன் பக்கம். வேலையைக் கடிகாரம் வைத்து அளந்து அமெரிக்கப் பொறியாளர் ஃபிரடெரிக் டெய்லர் 1911-இல் வெளியிட்ட கோட்பாடுகள் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்துக் கொள்முதலையும் உற்பத்தியையும் திட்டமிட இன்றும் உதவும். ஆனால், குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை சரியும்போது அந்தச் சுமையில் எவ்வளவைச் சிறு விவசாயியின் பசுந்தேயிலை விலையில் ஏற்றுவது என்பதை எந்தச் சூத்திரமும் தீர்மானிக்காது. அது பொறுப்புணர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. பட்டயக் கணக்காளருக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டமும், தவறினால் விசாரிக்கும் அமைப்பும் உண்டு. மேலாளருக்கு (ஒரு தொழிற்சாலையே அவர் கையில் இருந்தாலும்) அப்படி எதுவும் இல்லை. மேலாளருக்கும் உரிமம் என்பது இப்போதைக்கு நடக்காது. எனினும், ஒரு பருவமாவது கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை போன்ற இடத்தில் அனுபவசாலி ஒருவரின்கீழ் பயின்ற பிறகே எம்.பி.ஏ. பட்டம் என்று பல்கலைக்கழகங்கள் விதிக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோத்தகிரி