முதல் கேள்வி கேட்டவருக்கு

வானம் பார்க்கும் நண்பர்களே,

நேற்று இரவு நம் புது ஃபேஸ்புக் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் 1,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். பழைய பக்கத்தோடு ஒப்பிட்டால் சின்ன எண்தான். ஆனால் பழைய பக்கம் கைவிட்டுப் போன அந்த வாரம் நடந்ததும், அதில் நான் உடைந்துபோனதும் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுதப் போவதில்லை. தூக்கம் வரவில்லை, அதனால் நன்றியை மட்டும் இப்போதே எழுதிவிடுகிறேன்.

முதல் பத்து நாளும் பதினோரு பேர்தான் இருந்தோம். அதில் பாதி என் வீட்டார். பதிவு போடுவேன், நான்கு பேர் பார்ப்பார்கள், ஒரு சத்தமும் இருக்காது. லைக் போடுங்கள், நண்பர்களை டேக் செய்யுங்கள் என்று கெஞ்சுகிற பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்தது. தெரிந்தும் இரண்டு பதிவுகளில் நானும் கெஞ்சினேன். பணம் கொடுத்தால் ஒரே நாளில் 5,000 பேரைச் சேர்த்துத் தருவதாக ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். அவருக்குச் சரி என்று எழுதும் நிலையில்தான் இருந்தேன்.

அன்று மாலை, பதிவின் கீழே ஒரு கமென்ட்: "சூரியன் மறைந்ததும் மேற்கே பளிச்சென்று நிற்கிறதே, அது நட்சத்திரமா?"

முன்பின் தெரியாத பெயர். அது வெள்ளிக் கோள் என்றும், நட்சத்திரம் போல அது ஏன் மின்னுவதில்லை என்றும் எழுதினேன். மறுநாள் அடுத்த கேள்வி: "என் மகள் கேட்கிறாள், நடு இரவில் வெள்ளியை ஏன் காணோம்?" வெள்ளியின் பாதை நம் பாதைக்கு உள்ளே இருக்கிறது, அதனால் நம் பார்வையில் அது சூரியனை விட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகாது என்று படம் வரைந்து போட்டேன். அந்தப் படத்தைத்தான் நீங்கள் எல்லோரும் ஷேர் செய்தீர்கள். அதன் கீழே ஒருவர் தன் மொட்டைமாடி அனுபவத்தை எழுதினார், இன்னொருவர் அவருக்குப் பதில் சொன்னார். பக்கத்துக்கு உயிர் வந்தது அங்கேதான்.

விலைக்கு வாங்கியிருந்தால் வந்திருக்கக்கூடிய 5,000 கணக்குகளில் ஒன்றுகூட இந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது.

ஒரு மாதம் கழித்து அவருக்குத் தனியாக நன்றி சொன்னேன். அவர் எழுதிய பதில் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பழைய பக்கத்தை நான்கு வருஷம் படித்தாராம், ஒருநாளும் லைக் கூடப் போட்டதில்லையாம். "கமென்ட் போடவே எனக்குக் கூச்சம். இப்போதும் பேசாமல் இருந்தால் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிடுவீர்களோ என்று பயந்துவிட்டேன்" என்றார். யாரும் பதில் பேசாத பதிவை யாரும் படிக்கவில்லை என்றே இத்தனை நாள் கணக்குப் போட்டிருந்தேன். அப்படி எத்தனை பேர் சத்தமில்லாமல் கூடவே இருந்தார்களோ.

அப்புறம், பழைய பதிவுகளைத் தங்கள் போனிலிருந்து தேடி அனுப்பியவர்கள், போலிப் பக்கத்தைப் புகார் செய்தவர்கள், தங்கள் குழுக்களில் புது முகவரியைப் பகிர்ந்தவர்கள், கோபத்தில் நான் எழுதியதைப் பொறுத்துக்கொண்டவர்கள், எல்லோருக்கும் என் வணக்கம். பெயர் சொல்லத் தொடங்கினால் யாரையாவது விட்டுவிடுவேன்.

இனி அட்மின் பொறுப்பு என் ஒருவனிடம் மட்டும் இருக்காது. நம்மில் இருவரைச் சேர்த்துவிட்டேன், மூவரும் கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிட்டோம். முதல்முறையாகக் கமென்ட் போடுகிறவருக்கு, கேள்வி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அன்றைக்கே பதில் எழுதிவிட்டுத்தான் தூங்குவேன்.

முதல் கேள்வி கேட்டவரே, போன வாரம் உங்கள் மகள் நிலாவைச் சுற்றி ஒரு வளையம் பார்த்ததாகச் சொன்னீர்கள். நாளை மாலைப் பதிவு அதைப் பற்றித்தான். அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.