செயலாளர் ஆண்டறிக்கை: ஸ்கீம் ரோடு வழக்கும் நிலுவைச் சந்தாவும்

அனைவருக்கும் வணக்கம். கொடியேற்றம், பொங்கல் கோலப் போட்டி, மழைக்கு முன் கால்வாய் தூர் வாரியது எல்லாம் வழக்கம்போல நடந்தன. இந்த வருடம் சங்கத்தின் உழைப்பு முழுக்கப் போனது ஸ்கீம் ரோடு வழக்குக்குத்தான்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எந்த இடத்தில் ரோடு, பூங்கா வர வேண்டும் என்று அரசு போடும் விரிவு அபிவிருத்தித் திட்ட வரைபடத்தில் நம் கிழக்கு வரிசை மனைகளுக்குக் குறுக்கே நாற்பது அடி ரோடு ஒன்று பல வருடங்களாக வெறும் கோடாகவே கிடக்கிறது. நிலத்தை எடுக்கவும் இல்லை, ஒரு ரூபாய் தரவும் இல்லை. பட்டா நம் பேரில், வீட்டு வரி நம் பேரில், ஆனால் மாடி கட்ட பிளான் கொடுத்தால் 'திட்டச் சாலையில் பாதிக்கப்படுகிறது' என்று பிளான் அனுமதி தரும் அலுவலகத்தில் ஒற்றை வரியில் திருப்பி அனுப்புகிறார்கள். மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்றால் வாங்க வருகிறவருக்கு பேங்க்கில் லோன் கிடைப்பதில்லை.

1971-ம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-வது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. திட்டத்துக்கான அறிவிப்பு அரசிதழில் வெளியாகி 3 வருடத்துக்குள் நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பும் வராமல், உரிமையாளரோடு பேசி வாங்கவும் இல்லை என்றால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும். ஆகவே எல்லாமே அந்த அரசிதழ்த் தேதியில் நிற்கிறது. அலுவலகத்தில் கேட்டால் கோப்பு இல்லை என்றார்கள், கடைசியில் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்தான் கிடைத்தது. தொட்டால் ஓரம் உதிரும் பழுப்புத் தாள், அதில் நம் சர்வே எண்கள் வரிசையாக. அந்த நகலை வைத்துத்தான் அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டோம்.

நீதிமன்றம் வரைபடத்தை மாற்றி வரைந்து தராது, சட்டம் கொடுத்த அதிகாரத்துக்குள் அலுவலகம் நடந்ததா என்று மட்டும்தான் பார்க்கும். நிராகரித்த உத்தரவை ரத்து செய்து, 38-வது பிரிவின்படி மறுபடி பரிசீலித்து 12 வாரத்தில் முடிவு சொல்லும்படி உத்தரவாகியிருக்கிறது. ஆனால் இது மனு போட்டவர்களின் மனைகளுக்கு மட்டும்.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். வக்காலத்தில் கையெழுத்துக் கேட்டு வீடு வீடாக வந்தபோது 'பார்க்கலாம் சார்', 'பையன் துபாயிலிருந்து வரட்டும்' என்றவர்கள்தான் இப்போது தீர்ப்பு நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். வழக்கு நிதிக்கு அவர்கள் தரவில்லை, சிலர் வருடச் சந்தாவே தரவில்லை, பொதுக்குழுவுக்கும் வருவதில்லை. நகல் தருகிறேன், அது அவர்கள் உரிமை. ஆனால் அவரவர் பிளானும் மனுவும் தனியாகப் போட வேண்டும், அதற்கும் செலவு உண்டு.

இதே 38-ஐ வைத்து நம் பூங்கா இடத்தையும் விடுவித்து விற்கலாமே என்று ஓர் உறுப்பினர் எழுதிக் கொடுத்தார். நான் ஒப்பவில்லை. மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போதே ஊருக்கென்று தானமாக எழுதிக் கொடுத்த இடம் அது. பெரிய மனைகளில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தானம் தர வேண்டும் என்ற சென்னை விதியை, சொத்துரிமையைப் பறிக்கிறது என்று எதிர்த்துப் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-ல் விதி செல்லும் என்றது. பெங்களூரில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியதை 1991-ல் அதே நீதிமன்றம் செல்லாது என்றது, வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதிக்காரர்கள். நம் மனைக்கு நியாயம் கேட்டு கோர்ட்டுக்குப் போய்விட்டு, குழந்தைகள் விளையாடும் இடத்தில் கை வைக்க முடியாது.

வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் வாசிப்பார். கையிருப்பு இருக்கிறது, ஆனால் வக்கீல் பாக்கி போக அதிகம் மிஞ்சாது. பேசிய கட்டணத்துக்கு மேல் ஒரு பைசா கேட்காத வக்கீல் அய்யாவுக்கும், பட்டா, வில்லங்கச் சான்று, மனையின் அளவு காட்டும் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் எல்லாம் தேடி எடுத்துத் தந்த கிழக்கு வரிசைக் குடும்பங்களுக்கும், டீ வாங்கித் தந்த தம்பிகளுக்கும் நன்றி.

12 வாரக் கெடு முடிந்தும் பதில் வராவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு மனு போட வேண்டிவரும். மேற்கு வரிசையில் ரோடு வந்தால் நல்லது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடும் உட்கார்ந்து பேச வேண்டும். அடுத்த வருடமும் நானே இருக்கச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் கையெழுத்தும் சந்தாவும் இல்லாமல் ஒரு ஆள் மட்டும் அலைந்து இதை முடிக்க முடியாது. சேர விரும்புகிற உரிமையாளர்கள் பட்டா நகலோடு இந்த மாதத்துக்குள் சங்க அறைக்கு வாருங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் திறந்திருக்கும். நிலுவைச் சந்தாவையும் அப்போதே கட்டிவிடலாம்.