ஃபார்மேட் அடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள், தம்பிகளே

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கோயில் கணக்கு எழுதுகிறேன். பேத்தியின் மடிக்கணினிக்குக் காவலும் நான்தான். அந்த மடிக்கணினி 4 மாதத்தில் 3 முறை உங்களில் ஒருவரின் மேசைக்கு வந்தது. கடைப் பெயர் வேண்டாம், சண்டை போட இதை எழுதவில்லை. 3 முறையும் ஒரே வைத்தியம், ஃபார்மேட்: எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. ஒவ்வொரு முறையும் 80 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு வாரம் ஓடும், அப்புறம் பழையபடி கணினி விழுந்து நீலத்திரை. இரண்டாவது முறை திருவிழா நன்கொடைப் பட்டியலும் சேர்ந்து போய்விட்டது. "பேக்கப் எடுக்கலையா அங்கிள்?" என்றார்கள். எடுக்காதது என் தப்புதான், சரி.

தீபாவளிக்கு வந்திருந்த தங்கை மகன்தான் அதைத் திறந்து பார்த்தான். விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்று ஒன்று இருக்கிறதாமே! ஒவ்வொரு முறை கணினி விழும்போதும் அங்கே ஒரு சின்னக் கோப்பு எழுதப்படுகிறது. ப்ளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் திறந்தால், விழுந்த நேரத்தில் எந்த டிரைவர் (ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) மீது சந்தேகம் என்று காட்டுகிறது. 5 கோப்புகளில் 4-இல் அதே வைஃபை டிரைவர். "டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்" என்று திரையில் வந்ததே, அதற்கு அர்த்தம், தொடக்கூடாத நேரத்தில் தொடக்கூடாத நினைவகத்தை ஒரு டிரைவர் தொட்டுவிட்டது என்பதுதானாம். அந்த மாதிரி டிரைவர் வேலை செய்வது விண்டோஸின் மையமான கருவுக்குள்ளே. அங்கே ஒன்று தடுக்கி விழுந்தால் எல்லாமே விழும்.

ஃபார்மேட் அடித்தும் ஏன் திரும்பி வந்தது? விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரைத் தானாக இறக்கிப் போட்டுக்கொண்டது. இன்னொரு கூத்து: டிவைஸ் மேனேஜரில், பழைய டிரைவருக்குத் திரும்பும் ரோல் பேக் பொத்தானை அழுத்தலாம் என்றால் அது மங்கிக் கிடந்தது. திரும்பிப் போக முந்தைய பதிப்பு வேண்டுமே, அதைத்தான் நீங்கள் துடைத்துவிட்டீர்களே! அவன் தயாரிப்பாளர் தளத்திலிருந்து பழைய பதிப்பை எடுத்துப் போட்டான், அப்டேட் அதை மாற்றாதபடி தடுத்தும் வைத்தான். பொங்கல் கடந்தும் கணினி விழவில்லை.

எல்லாமே டிரைவர் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால் நினைவகமான ரேமைச் சந்தேகப்படலாம், அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட விடலாம். விண்டோஸின் சொந்தக் கருவின் பெயர் வந்தால் அதையே குற்றவாளி என்று பிடித்துவிடாதீர்கள், பெரும்பாலும் அது குற்றம் நடந்த வீடு மட்டும்தான். டிரைவர்களை நெருக்கிச் சோதிக்கும் டிரைவர் வெரிஃபையர் கெட்டிக்காரக் கருவிதான், ஆனால் முரட்டுப் பிள்ளை. அதை ஓடவிட்டால் கணினி உள்ளே நுழையாமலே விழுந்துகொண்டிருக்கலாம். அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடில் போய் அதை அணைக்கத் தெரிந்தவர் மட்டும் தொடுங்கள். அப்புறம், டிரைவரை எல்லாம் தானே புதுப்பித்துத் தருகிறேன் என்று வரும் இலவச மென்பொருளை வாடிக்கையாளர் கணினியில் ஏற்றாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் ஒரு தவறான கோப்பு, கருவுக்குள் ஓடும் அதன் டிரைவரைத் தடுக்கிவிட, 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. விமானங்களே நின்றன. அதற்கு மருந்து, சேஃப் மோடில் போய் அந்த ஒரு கோப்பை அழிப்பதுதான். ரப்பர் பால்மரத்தில் ஒன்றின் பட்டையில் சீக்கு என்றால் நிரையையே வெட்டிச் சாய்த்த தண்டலை, அதாவது மேற்பார்வையாளரை, நானும் பார்த்ததில்லை.

ஃபார்மேட் சுலபம், நேரம் மிச்சம், கடையில் கூட்டம் நிற்கிறது. புரிகிறது. ஆனால் அதற்கு முன்னால் அந்த மினிடம்ப் கோப்புறையையாவது பிரதி எடுங்கள், எந்த டிரைவர் என்று பில்லில் ஒரு வரி எழுதுங்கள். கண்டுபிடித்ததற்கும் அதே 80 வெள்ளி வாங்குங்கள், நான் சந்தோஷமாகத் தருகிறேன்.

கோயில் கணினியும் இப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை விழுகிறது. அடுத்த வாரம் தூக்கிக்கொண்டு வருவேன். மினிடம்பை ஏற்கெனவே பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டேன். நன்கொடைப் பட்டியலையும்தான்.

அன்புடன்,
ஒரு பழைய கிராணி