தேனிப் பக்கத்து நண்பனுக்கு, வட்டக்கச்சியிலிருந்து

அன்புள்ள நண்பா,

உன் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பப்ஜி விளையாட்டில் நீ வைத்திருந்த பெயரை இங்கே எழுத மனமில்லை, அது உன்னுடையது. வீடு தேனிப் பக்கம், அப்பா வாழைத்தோட்ட வேலைக்குப் போகிறவர், நீ கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இவ்வளவும் நீயாகச் சொன்னவை. என்னைப் பற்றி உனக்குத் தெரிந்ததும் கொஞ்சம்தான்: கிளிநொச்சி, வட்டக்கச்சி, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற வீடு, ஏஎல் (உங்கள் பிளஸ் டூ மாதிரி) படிக்கிற பெடியன். உன்னிடம் சொல்ல வேண்டிய சிலதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது இன்னும் மனதுக்குள் கிடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

2020 மார்ச் 20 இல் இங்கே ஊரடங்கு போட்டார்கள், 25 இல் உங்கள் பக்கம். பள்ளிக்கூடம் இல்லை, டியூசன் இல்லை. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது, கிணற்றடிக்குப் போனால்தான் டேட்டா ஒழுங்காக வரும். கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து, முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஸ்குவாட், அதாவது நாலு பேர் அணி, சேர்ந்து விளையாடுவேன். கெட்ட வார்த்தை கேட்காத நாள் குறைவு. என் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு மைக்கை அணைத்தவர்களும் உண்டு. சரி, அவர்களை விடுவோம்.

நீ வந்த நாள் போச்சிங்கியில் இறங்கினோம். எராங்கல் மேப்பின் நடுவில் இருக்கிற அந்த ஊரில் இறங்கினால் ஐந்து நிமிடம் உயிரோடு இருப்பதே பெரிய காரியம். மற்ற இரண்டு பேரும் வந்த வேகத்தில் செத்து வெளியேறிவிட்டார்கள். நான் ஒரு வீட்டு வாசலில் அடிபட்டு விழுந்தேன். விழுந்தவனால் தவழத்தான் முடியும், சிவப்புக் கோடு குறைந்துகொண்டே போகும். எழுப்ப வருகிறவன் பக்கத்தில் குந்தி 10 விநாடி அசையாமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவனால் சுட முடியாது, அவனை யாரும் சுடலாம். யாரென்றே தெரியாதவனுக்காக அதைச் செய்ய வேண்டிய கட்டாயம் ஒருவனுக்கும் இல்லை. "என்னை விடுங்கோ, நீங்கள் ஓடுங்கோ" என்றேன். நீ ஒரு புகைக்குண்டை எறிந்துவிட்டு அந்தப் புகைக்குள்ளால் வந்து குந்தினாய். "நகராத நண்பா, அவ்ளோதான், அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய், சின்னப் பிள்ளைக்கு ஊசி போடும்போது சொல்வது மாதிரி. நான் எழும்பியதும் உன் பையில் இருந்த இரண்டு ஃபர்ஸ்ட் எய்டில் ஒன்றை என் காலடியில் போட்டாய். அந்த ஆட்டம் பிறகு எப்படி முடிந்தது என்பது எனக்கு ஞாபகமில்லை.

"ஓடுங்கோ" உன் காதில் அப்படியே தங்கிவிட்டது. "ஏன் நண்பா இவ்ளோ மரியாதையா பேசுற?" என்று கேட்டாய். இங்கே தெரியாத ஆளை எடுத்த எடுப்பில் நீ என்று சொல்வதில்லை என்றேன். "நில்லுங்கோ, வாறன்" என்று நான் கத்தும்போதெல்லாம் நீயும் "வாறன், வாறன்" என்பாய். கடைசியில் என் பெயரே உனக்கு 'வாறன்' ஆகிவிட்டது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடல் 30 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் அதற்கு முன் உங்கள் பக்கத்து ஆள் ஒருவரோடு நான் நேரே கதைத்ததில்லை.

அப்புறம் அந்த இயர்ஃபோன் விசயம். ஏப்ரலில் என் இயர்ஃபோன் பழுதானது. ஊரடங்கு, கடை திறக்கவில்லை. ஸ்பீக்கரில் விளையாடினேன். தண்ணீர் அள்ள வந்த அம்மா வாளியை வைத்துவிட்டு நின்றார். ஃபோனிலிருந்து வெடிச் சத்தம். "அதை நிப்பாட்டு" என்றார். ஏசவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. தண்ணீர் அள்ளாமலே திரும்பிப் போனார். 2009 இல் எனக்கு ஏழு வயது. தறப்பாள் கொட்டில், பங்கரின் ஈர மண் மணம், முகாமில் தண்ணீர் வரிசை, இவ்வளவுதான் எனக்கு ஞாபகம். அம்மாவுக்கு எல்லாமே ஞாபகம்.

இதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "இனி வரமாட்டேன், அம்மாவுக்குச் சத்தம் பிடிக்காது" என்று மட்டும் சொன்னேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செட்டிங்ஸ்ல எஃபெக்ட் சவுண்ட ஜீரோ பண்ணிடு. வாய்ஸ் மட்டும் வை" என்றாய். சத்தம் இல்லாமல் எப்படி விளையாடுவது? அந்த விளையாட்டில் காதுதான் பாதிக் கண். காலடி எந்தப் பக்கம், வண்டி எவ்வளவு தூரம், சுடுகிறவன் எங்கே, எல்லாம் கேட்டுத்தான் தெரிய வேண்டும். அதற்கு நீ சொன்னாய்: "ஒனக்கும் சேத்து நான் கேக்குறேன் நண்பா."

சொன்னபடியே கேட்டாய். "வலது பக்கம் காலடி, படு." "மாடில ஒருத்தன், ஜன்னல் பக்கம் போகாத." "வண்டி வருது, தூரத்துலதான், பயப்படாத." மாதக்கணக்காக, ஒரு நாளும் சலிக்காமல். கிணற்றடியில் என் ஃபோனிலிருந்து உன் குரல் மட்டும்தான் வரும். அம்மா வந்து தண்ணீர் அள்ளிக்கொண்டு போவார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் ஜீப் எடுத்துக்கொண்டு சுற்றத் தொடங்கியது. ஒரு குண்டும் சுடாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்பது உன் யோசனை. 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் மேப்பில் 100 பேர் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருக்க, நாங்கள் கரையோரமாக வண்டி ஓட்டிக்கொண்டு கதைத்தோம். ஒருநாள் வயல்வெளியில் ஒருவன் எங்களுக்கு முன்னால் வந்து நின்றான். எங்கள் கையில் துவக்கு இல்லை. நீ குந்தி எழும்பினாய், திரும்பக் குந்தி எழும்பினாய். அவனும் குந்தி எழும்பினான். எந்த நாட்டுக்காரனோ. கொஞ்சம் பேண்டேஜைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டான். எதிரணியோடு கூட்டுச் சேர்வது அந்த விளையாட்டின் விதிப்படி தவறு என்று பிறகு அறிந்தேன். விதி சரியானதுதான், போட்டியென்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காக நான் இன்றும் வருத்தப்படவில்லை.

பாலைப்பழக் காலத்தில் அம்மா ஒருநாள் கிணற்றுக்கட்டில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். "தம்பி, சாப்பிட்டீங்களோ?" என்று ஃபோனைப் பார்த்துக் கேட்டார். "சாப்ட்டேம்மா, நீங்க?" என்றாய். நாங்கள் பாலைப்பழம் தின்றுகொண்டிருக்கிறோம் என்றதும் அது என்ன என்று கேட்டாய். மஞ்சளாக, விரல் நுனி அளவில் இருக்கும், தித்திப்பு, நிறையத் தின்றால் பால் ஒட்டி உதடு இரண்டும் பிசினாகிவிடும், தேங்காயெண்ணெய் பூசித்தான் எடுக்க வேண்டும் என்று அம்மா உனக்கு விளக்கினார். அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் ஜோனுக்கு, அதுதான் சுருங்கிக்கொண்டே வரும் பாதுகாப்பு வட்டத்துக்கு, வெளியே நின்று செத்துப்போனோம். அம்மா அன்று சிரித்தார்.

அந்த வாரந்தான் நீ என் நம்பர் கேட்டாய். தெரியாத ஆட்களுக்கு நம்பர் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதன் பின்னால் இருக்கிற பயத்துக்கு இங்கே காரணம் உண்டு. "பிறகு தாறன்" என்றேன். நீ வற்புறுத்தவில்லை.

செப்டம்பர் 2 ஆம் தேதி உங்கள் அரசு 118 செயலிகளைத் தடைசெய்தது, அதில் பப்ஜியும் ஒன்று. "ஏற்கெனவே இறக்கி வச்சவங்களுக்கு இன்னும் ஓடுது, கவலப்படாத" என்றாய். எனக்கு அக்டோபர் 12 இல் பரீட்சை தொடங்கியது. முதல் நாள் இரவு, "முடிச்சிட்டு வா, வாறன்" என்றாய். அதுதான் கடைசி. அக்டோபர் 30 இல் இந்தியாவுக்கான சேர்வரை நிறுத்தினார்கள். நவம்பர் 6 இல் பரீட்சை முடிந்து, அடுத்த நாள் கிணற்றடிக்கு ஓடினேன். உன் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது. கடைசியாக வந்தது 8 நாட்களுக்கு முன்.

2021 ஜூலையில் உங்களுக்கென்று பப்ஜியின் இந்தியப் பதிப்பாக பிஜிஎம்ஐ வந்தது, இங்கிருந்து அதில் சேர முடியவில்லை. 2022 ஜூலையில் அதையும் நிறுத்தினார்கள், 2023 மே மாதம் திரும்ப வந்தது. ஒவ்வொரு செய்தியிலும் நீ இப்போது எங்கே விளையாடுகிறாய் என்றுதான் யோசித்தேன். 2022 இல் இங்கே பெற்றோல் இல்லாமல் போனபோது கிளிநொச்சி டவுனில் வரிசையில் நின்றேன். நடுக்காட்டில் நம்முடைய ஜீப் எண்ணெய் தீர்ந்து நின்றதும், கேன் தேடி நீ ஓடியதும் அப்போது நினைவுக்கு வந்தது.

இப்போது டவுனில் ஃபோன் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். போன மாதம் என் பழைய ஃபோனுக்கு பேட்டரி மாற்றி, பப்ஜியைத் திரும்ப இறக்கித் திறந்து பார்த்தேன். ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டில் நீ இன்னும் இருக்கிறாய். எஃபெக்ட் சவுண்ட் இன்னும் ஜீரோவில்தான் இருக்கிறது. அதை நான் மாற்றவில்லை.

அம்மாவிடம் காட்டினேன். "அந்தப் பெடியனுக்கு நம்பரைக் குடன்" என்றார்.

தருகிறேன். அதற்கு முன் நீ நீதானா என்று தெரிய வேண்டும். அன்று பெற்றோல் கேன் தேடிப் போன நீ, கேன் இல்லாமல் வேறொன்றைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி ஓடிவந்தாய். அது என்ன?

வாறன்
வட்டக்கச்சி