எந்த வெர்ஷனுக்கு எழுதியது என்று ஒரு வரி போடுங்கள்

மதிப்புக்குரிய ஆவணக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் மீடியா பிளேயரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பன்னிரண்டு வருடமாக என் கணினியில் வேறு பிளேயர் கிடையாது. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் ஓட்டும், விளம்பரம் இல்லை, காசு கேட்பதில்லை. அதனால் சண்டை போடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். முடிந்தவரை அப்படியே இருக்கப் பார்க்கிறேன்.

விஷயம், உங்கள் விக்கியில், அதாவது பயனர்களே எழுதித் திருத்தும் உதவித் தளத்தில், சப்டைட்டில் பற்றி இருக்கும் பக்கம். அதன் உரையாடல் பக்கத்தில் ஏற்கெனவே நான்கு பேர் புலம்பியிருக்கிறார்கள், அதில் இரண்டு புலம்பல் என்னுடையது, ஆகவே அதன் வரலாற்றைத் திரும்பச் சொல்லவில்லை. போன மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் நூலக மாடியில் மாதம் ஒரு படம் போடுகிறோம். வெளிநாட்டுப் படங்கள். தமிழ் சப்டைட்டில் நாங்களே எழுதுவது, ஒரு படத்துக்கு மூன்று பேர் சேர்ந்து மூன்று வாரம். போன மாதம் புது லேப்டாப். மதியம் போட்டுப் பார்த்தால் எழுத்து வர வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வருகிறது. தேடினேன், முதலில் வந்து நின்றது உங்கள் பக்கம்தான். பிளேயர்காரர்களே வைத்திருக்கும் பக்கம் என்பதால் நம்பினேன். யூடிஎஃப்-8ஐ (எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் முறை) தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை அணைக்கச் சொன்னது, அணைத்தேன். என்கோடிங்கை, அதாவது கோப்பில் இருப்பதை எந்த எழுத்தாகப் படிப்பது என்ற செட்டிங்கை, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு மாற்றச் சொன்னது, மாற்றினேன். அது சொன்ன மெனு புது வெர்ஷனில் அந்த இடத்திலேயே இல்லை, துழாவித்தான் பிடித்தேன். அப்புறம் திஸ்கி (யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய தமிழ் எழுத்துக் குறியீடு) ஃபான்ட் ஒன்றை இறக்கி நிறுவ வேண்டுமாம். அதற்கான சுட்டி, அந்தக் கால இலவச வலைத்தளச் சேவையான ஜியோசிட்டீஸுக்குப் போகிறது. ஜியோசிட்டீஸை யாஹூ இழுத்து மூடியது 2009 அக்டோபரில்! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, ஃபான்ட்டை வேறு எங்கோ தேடிப் பிடித்து நிறுவினேன்.

அந்தப் பக்கத்தை முதலில் எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். திஸ்கியில் தட்டிய கோப்புகள் புழங்கிய காலத்தில் அது நல்ல யோசனை, எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும். ஆனால் தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, இன்றைக்கு சப்டைட்டில் எழுத உட்காருகிற யாரும் திஸ்கியைத் தொடுவதில்லை. யூனிகோடு கோப்பை அந்தப் பக்கம் சொல்கிறபடி திறந்தால் என்ன ஆகும் தெரியுமா? யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், ‘கொ’ என்று எழுதினால் எழுத்துக்கு ஒரு குறி, கொம்புக்கும் காலுக்கும் சேர்த்து ஒரு குறி, ஆக ஆறு. அத்தனை பைட்டும் தனித்தனி எழுத்தாகத் திரையில் வந்து விழும். தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று, மறுபடியும் தலையில் கோடு போட்ட ஏ. கட்டமாவது பார்க்க நாகரிகமாக இருந்தது.

ஐந்து மணிக்குப் படம். ஐந்தரை வரைக்கும் ஒவ்வொரு செட்டிங்காகப் பின்வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருவழியாக எல்லாம் பழைய நிலைக்கு வந்தது, கட்டங்களும் திரும்பி வந்தன. கடைசியில் எங்களில் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை, மைக்கை வாங்கி, சப்டைட்டில் கோப்பை இன்னொரு கணினியில் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தார். முழுப் படத்துக்கும் படித்தார். கூட்டம் கைதட்டியது, நல்ல அனுபவம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. தியேட்டரில் தமிழ்ப் படத்துக்குப் பெரும்பாலும் தமிழில் சப்டைட்டில் போடுவதில்லை என்பதால், மாதா மாதம் பஸ் பிடித்து எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர். அரை மணி நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, என்னைப் பார்த்து ‘பரவாயில்லை’ என்பதுபோலக் கையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

இரவு பதினொரு மணிக்கு வீட்டில் காரணம் தெரிந்தது. பிளேயரில் இருந்த ஃபான்ட்டில் தமிழ் எழுத்தே கிடையாது. நிர்மலா யூஐ என்று மாற்றினேன், வந்துவிட்டது. விண்டோஸிலேயே இருக்கிற ஃபான்ட்தான். பத்து நொடி வேலை.

அதனால் நான் கேட்பது மிகச் சின்ன விஷயம். ஒவ்வொரு உதவிப் பக்கத்தின் தலையிலும் ஒரு வரி: இது எந்த வெர்ஷனுக்கு எழுதியது, கடைசியாக யாராவது செய்து பார்த்தது எப்போது. அந்த வரி இருந்திருந்தால் நான் அந்தப் பக்கத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

‘விக்கிதானே, நீயே திருத்தலாமே’ என்பீர்கள். திருத்தப் போனேனே! ஸ்பேம் தொல்லையால் புதுக் கணக்கு திறப்பதை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், மின்னஞ்சலில் கேட்க வேண்டும். கேட்டேன். பல நாள் கழித்துக் கணக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதினேன், மறுநாளே பழையபடி ஆக்கிவிட்டார்கள். காரணம், ஆவணம் எல்லாம் புதுத் தளத்துக்குப் போகிறதாம், பழையதில் கை வைக்க வேண்டாமாம். புதுத் தளத்தில் போய்ப் பார்த்தால் சப்டைட்டில் பகுதியில் ‘விரைவில்’ என்று ஒரே ஒரு சொல். தேடினால் முதலில் வருவது இன்னமும் பழையதுதான். கல்யாணத்துக்கு வந்தவனிடம் மண்டபம் மாறிவிட்டது என்று சொல்லி அனுப்பி, புது மண்டபத்தில் இன்னும் பந்தல்கூடப் போடாத கதை இது.

அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பின்னணியில் விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைப் புல்மேடு. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே விடை கொடுத்து அனுப்பிவிட்டது, உங்கள் விக்கியில் மட்டும் அது சௌக்கியமாக வாழ்கிறது. நிரலில் ஒரு எழுத்து தப்பினால் அதற்கு ஒரு எண் கொடுத்து, நாலு பேர் பார்த்து, ஒப்புதல் வாங்கித் திருத்துகிறீர்கள். மெனுவின் பெயரை மாற்றுகிற அன்று, அந்தப் பெயரை நம்பி எழுதப்பட்ட பக்கங்களை யாரும் நினைப்பதில்லை. எம்பிவி என்ற இன்னொரு இலவச பிளேயரில் கையேடு நிரலோடு ஒரே களஞ்சியத்தில் இருக்கிறது, ஆப்ஷனை மாற்றுகிறவரே கையேட்டிலும் எழுத வேண்டும். ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் விக்கியில் காலாவதியான பகுதிக்கு மேலே அப்படிச் சொல்லியே ஒரு பட்டை ஒட்டுகிறார்கள். ஆக, இது யாராலும் முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஆவணம் எழுதுகிறவர்களை நீங்கள் எல்லாம்... சரி, விடுங்கள். கோபப்பட மாட்டேன் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

நீங்களும் சம்பளம் இல்லாமல் ராத்திரி கண் விழித்துச் செய்கிறவர்கள்தான், தெரியும். எல்லாப் பக்கத்தையும் நாளைக்கே திருத்தித் தாருங்கள் என்று கேட்கவில்லை. புதுத் தளம் தயாராகும் வரைக்கும் பழைய பக்கங்களின் தலையில் வெர்ஷனும் தேதியும் போடுங்கள். தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்றாவது போடுங்கள். தமிழ் சப்டைட்டில் பகுதியைத் திருத்த என்னை விடுங்கள், அன்றைக்கு எழுதியது அழியாமல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, இந்திய மொழிகள் மற்றவற்றுக்கும் ஆள் பிடித்துத் தருகிறேன்.

எங்கள் அடுத்த படம் இந்த மாதக் கடைசி ஞாயிறு. அந்தப் பெரியவருக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன், வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார். அதற்குள் அந்த ஒரு பக்கத்துக்காவது அந்த ஒரு வரியைப் போட்டுவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிளேயரை இன்னமும் மாற்றாத ஒருவன்