பரணில் பதினெட்டுக் கூடைக்குத்தான் மூங்கில் பட்டை இருக்கிறது

தாண்டிக்குடி,
புரட்டாசி மாதம்.

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. அப்பத்தா மட்டும் மாலைப் பேருந்தின் சத்தம் கேட்டால் உன்னை நினைத்து வாசலுக்கு வந்துவிடுகிறாள்.

உன் அலுவலகத்தில் தீபாவளிக்கு இனிப்பு வைத்துக் கொடுக்க அறுபது மூங்கில் கூடைகள் கேட்டிருப்பதாகவும், நீ சரியென்று சொல்லிவிட்டதாகவும் தொலைபேசியில் சொன்னாய். நீ பேசிய உற்சாகத்தில் எனக்கு மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். வத்தலக்குண்டுச் சந்தையில் கிடைக்கும் விலையைவிட இரண்டு பங்கு தருவார்கள் என்பது எனக்கும் பெரிய காரியம்தான். ஆனாலும் அறுபது கூடைகளை இந்தத் தீபாவளிக்குள் என்னால் தர முடியாது.

வேலை செய்ய நாள் போதாது என்று நினைக்காதே. நானும் அம்மாவும் உட்கார்ந்தால் அந்த அளவில் ஒரு நாளைக்கு நான்கு கூடைகள் முடையலாம். பதினைந்து நாளில் அறுபதும் முடிந்துவிடும். குறை மூங்கிலில் இருக்கிறது. இது முளை விடும் காலம். இப்போது புதருக்குள் நுழைந்து முற்றிய கழியை வெட்டி இழுத்தால், அதன் காலடியில் நிற்கும் இளம் முளைகள் ஒடிந்துபோகும். மூன்று வருடம் கழித்து நாம் வெட்ட வேண்டிய மூங்கில் அவைதான். மழையில் வெட்டிய கழியில் ஈரமும் மிகுதி. சரியாகக் காயாமல் முடைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதன்மேல் நீ சொன்ன பொன்னிற வண்ணத்தையும் பூசினால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கூடை கறுத்துவிடும். வண்ணம் பூசுவதில் எனக்கு விருப்பமும் இல்லை. நல்ல மூங்கிலின் மேல்தோல் நாளாக நாளாகத் தானாகவே தேன் நிறத்துக்கு வரும். அதைப் பொறுத்திருந்து பார்க்காதவர்கள்தான் டப்பாவைத் திறக்கிறார்கள்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் பெரிய அத்தையின் திருமணச் செலவுக்காக, ஐப்பசி மழையில், வெண்பொடி கூட உதிராத இளங்கழிகளை வெட்டி, முப்பது கூடைகள் முடைந்து ஒரு காப்பித் தோட்டத்துக்குக் கொடுத்தேன். தாத்தா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. அடுத்த ஆண்டுப் பறிப்பின்போது, இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு சரிவில் நின்ற ஒரு பெண்ணின் கூடை அடி விட்டு, காலை முழுவதும் பறித்த பழம் செடிகளுக்கிடையே உருண்டு போயிற்று. மற்றக் கூடைகளைத் தட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் மாவு போலத் தூள் கொட்டியது. இளமூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தின்ன வரும் வண்டு துளை போட்டு உள்ளே உளுக்க வைத்துவிடும். முப்பதையும் திரும்பக் கொண்டுவந்து முற்றத்தில் எரித்துவிட்டு, கூலியில்லாமல் வேறு முப்பது முடைந்து கொடுத்தேன். அன்று தாத்தா ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"வெளியில் வாங்கிப் பிளக்கலாமே" என்று நீ கேட்டதற்கும் பதில் எழுதுகிறேன். காட்டு மூங்கிலில் நாம் நினைத்தபடி கை வைக்க முடியாது. 2013இல் கொடைக்கானல் வனவுயிர் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. பட்டா நிலத்து மூங்கிலுக்கே முன்பு தொல்லைதான். 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்று எழுதி வைத்திருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க 2017 வரை ஆயிற்று. வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று தொல்காப்பியத்தில் இருப்பதை நீ பள்ளிக்கூடத்தில் படித்து வந்து எனக்குச் சொன்னாயே, அது கத்தி பிடித்தவன் எவனும் ஒத்துக்கொள்ளும் பேச்சு. மூங்கிலின் பலம் முழுவதும் அந்தப் பச்சைத் தோலில் இருக்கிறது. அதிலிருந்து உரித்த பட்டைதான் கூடைக்கு உடம்பு. அதற்கு அடுத்து உள்ளே உரியும் இரண்டாம் பட்டை விலை குறைந்த தட்டுகளுக்கு ஆகும். அதற்கும் உள்ளே இருக்கும் மெத்தென்ற சோறு அடுப்பு எரிக்கப் போகும். கடைக்காரர்கள் பிளந்து விற்கும் பட்டைக் கட்டுகளில் இரண்டாம் பட்டையும் கலந்திருக்கும், வெட்டிய மாதமும் தெரியாது.

பட்டை உரிப்பதை நீ அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். ஆனாலும் கையில் பிடித்ததில்லை. பிளவு நடுவிலிருந்து விலகி ஒரு பக்கம் மெலிந்துகொண்டே போனால், பழகாதவன் கத்தியைத் திருப்புவான். பட்டை அங்கேயே அறுந்துவிடும். தடித்த பக்கத்தைச் சற்று அதிகமாக வளைத்து இழுக்க வேண்டும். பிளவு மெல்ல நடுவுக்கு வந்து சேரும். கணுவுக்குக் கணு இதையே செய்ய வேண்டியிருப்பதால்தான், முடைவதைவிடப் பட்டை எடுப்பதற்கு அதிக நேரம் ஆகிறது.

ஒன்பது வயதில் நீ முடைந்த கூடை இன்னும் சமையலறையில் வெங்காயத்தோடு தொங்குகிறது. நிற்கும் பட்டைகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்று சொல்லியும் பன்னிரண்டு வைத்தாய். இரண்டாவது சுற்று முதல் சுற்றின் தடத்திலேயே ஓடியதைப் பார்த்து அழுதாய். பிறகு தாத்தா ஒரு பட்டையை இரண்டாகக் கீறிப் பதின்மூன்றாக்கிக் கொடுத்தார். அந்த இடத்தில் இப்போதும் ஒரு புடைப்பு இருக்கிறது.

ஆகவே, என்னால் ஆவது இவ்வளவு. சென்ற மாசியில் வெட்டி, ஓடை நீரில் ஊறப்போட்டு, அடுப்புப் புகையில் காய்ந்த பட்டை பரணில் பதினெட்டுக் கூடைக்கு இருக்கிறது. அதை மறுபடி நனைத்து, தீபாவளிக்குப் பத்து நாள் முன்பாக முடித்துப் பேருந்தில் ஏற்றிவிடுகிறேன். மீதி நாற்பத்திரண்டைத் தையில் வெட்டும் மூங்கிலில் செய்து சித்திரைப் பிறப்புக்குத் தருகிறேன் என்று உன் அலுவலகத்தில் சொல். சம்மதமில்லை என்றால் பதினெட்டோடு நிறுத்திக்கொள்வோம். முன்பணம் எதுவும் வாங்கியிருந்தால் அதை மட்டும் உடனே திருப்பிக் கொடுத்துவிடு.

கூடைகள் வந்ததும் கட்டைப் பிரித்து நிழலில் பரப்பி வை, வெயிலில் வைக்காதே. நீ ஊருக்கு வரும்போது ஒரு சாணைக்கல் வாங்கி வா. பழைய கல் நடுவில் குழிந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா