தினமும் புதிதாக ஒரு கூடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. எழுத உட்காரும்போதெல்லாம் அப்பா கூப்பிடுவார், எழுந்து போனால் அன்றைக்கு அவ்வளவுதான். இன்று சீக்கிரமே தூங்கிவிட்டார்.

கோடை வெயில் இப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கிறது. எங்கள் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சந்தில் சிட்டுக்குருவி கூடு கட்டியிருக்கிறது. கைபேசியை நீட்டிப் படம் எடுத்துப் பார்த்தேன், 4 முட்டை. 12 நாளில் பொரிந்துவிட்டன. தானியம் தின்கிற குருவிதான், ஆனால் குஞ்சுகளுக்குப் புழுவும் பூச்சியுமாகவே கொண்டு வருகிறது, ஆணும் பெண்ணும் மாறி மாறி. திரும்பும்போது அலகில் வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு போகிறதே என்று உற்றுப் பார்த்தால், குஞ்சின் எச்சம்! மெல்லிய தோல் மூடிய சின்னப் பை மாதிரி இருக்கிறது, அதைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறது. நான் இப்போது அப்பாவுக்குச் செய்வதும் அதுதான்.

அவருக்கு நினைவு இன்னும் குறைந்திருக்கிறது. என் பெயர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தால் கொஞ்ச நேரத்தில், "இங்க பாரு, குருவி கூடு கட்டியிருக்கு" என்கிறார், தினமும் முதல் தடவையாக. "நேத்தே சொன்னீங்களேப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முகம் சுருங்குவதைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன். இப்போது நானும் எட்டிப் பார்த்து, "அட, எப்பப்பா வந்துச்சு?" என்கிறேன்.

போன வாரம் சாயங்காலம் திடீர் மழை. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின்தான் அந்த மண்வாசனைக்குக் காரணம், மற்றப் புலன்களைப் போலச் சுற்றிக்கொண்டு போகாமல் வாசனை மட்டும் மூளையில் நினைவும் உணர்ச்சியும் இருக்கும் பக்கம் நேராகவே போய்விடும் என்று படித்திருந்தேன். அன்று கண்ணால் பார்த்தேன். அப்பா சட்டென்று எழுந்து உள்பக்கம் திரும்பி, அம்மா பெயரைச் சொல்லி, "கொடியில துணி கிடக்கு, நனையுது பாரு" என்று கூப்பிட்டார். அம்மா போய் 6 வருஷம் ஆகிறது. நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். கொடியில் இருந்தது ஒரே ஒரு துண்டு.

நாம் ஆறாவது படிக்கும்போது கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு ஞாபகம் இருக்கிறதா? மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நீ அழுதாய். அப்பாதான் ஏணி போட்டு ஏறி அதைத் திரும்ப வைத்துவிட்டு, "பெத்தவ விட்டுடுவாளாடா" என்றார். அவர் சொன்னது சரிதான், கை பட்டதற்காகப் பறவைகள் குஞ்சை ஒதுக்குவதில்லை. சாயங்காலம் அது ஊட்டுவதை மூன்று பேரும் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டு நின்றோமே.

இங்கே குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டது, நாலைந்து நாளில் பறந்துவிடும். அப்புறம் காலையில் நாற்காலி போடும்போது அவருக்கு எதைக் காட்டுவேன் என்று தெரியவில்லை. அதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போயேன். ஏணிக் கதையை நீ சொன்னால் அவருக்கு நினைவு வரலாம். வராவிட்டாலும் சரி, புதுக்கதையாகக் கேட்பார்.

அன்புடன்,
உன் நண்பன்